கோரிமேட்டில் நடப்பவர்கள்

மாலை ஆறு மணி ஆனதும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் முனைகளில் தடுப்புகள் வந்து நிற்கும். மறுநாள் காலை ஏழரை வரை குபேர் அவென்யூவில் காரும் பைக்கும் நுழைய முடியாது. சர்க்கரைக்காக வேக நடை போடுபவர், சுண்டல் விற்பவர், தாத்தாவின் விரலைப் பிடித்த பேத்தி, சென்னையிலிருந்து வந்து செல்ஃபி எடுப்பவர் என்று ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஊரே நடக்கிறது. தினமும் பதிமூன்றரை மணி நேரம் ஒரு சாலையை நடப்பவருக்கு எழுதிக்கொடுத்த ஊர் தென்னிந்தியாவில் அதிகம் இல்லை. போக்குவரத்து நெரிசல் கூடிவிடும் என்று இப்போது யாரும் அதை எதிர்த்துப் பேசுவதும் இல்லை. ஊர் பழகிவிட்டது.

அதே ஆறு மணிக்குக் கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை வாசலிலும் ஊரே நடக்கிறது. ஆனால் இவர்கள் நடக்க வந்தவர்கள் இல்லை. கையில் எக்ஸ்ரே உறை, மஞ்சள் பை, வெந்நீர் ஃபிளாஸ்க், தோளில் தூங்கிப்போன குழந்தை. விழுப்புரம் பக்கம், திண்டிவனம் பக்கம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, கடலூர் என்று விடியற்காலை பஸ் பிடித்து வந்து, ஓபி சீட்டு வாங்கி, பரிசோதனைகளுக்கு அலைந்து, மாத்திரை வரிசையில் நின்று, கடைசியில் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க எதிர்ப்புறம் போக வேண்டியவர்கள். உள்ளே சேர்த்திருக்கும் நோயாளிக்கு இட்லி வாங்கப் போகிறவர்கள், வெளி மருந்துக்கடைக்கு ஓடுகிறவர்கள், இரவு தங்க இடம் தேடுகிறவர்கள். இவர்களில் பாதிப்பேருக்கு முழங்கால் வலி. மற்றப் பாதிப்பேர் முழங்கால் வலிக்காரரைத் தாங்கிக்கொண்டு வருகிறவர்கள்.

புதுச்சேரியில் மிக அதிகமாக, மிகக் கட்டாயத்தோடு நடக்கிறவர்கள் கோரிமேட்டில்தான் இருக்கிறார்கள். நடைக்கான திட்டங்களும் பணமும் அழகுணர்ச்சியும் கடற்கரைக்குப் போகின்றன. இது யாரோ திட்டமிட்டுச் செய்த அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. நடப்பது என்பதைப் பொழுதுபோக்காகப் பார்த்துப் பழகிய நிர்வாகம், அதை ஒரு பயணமாகக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டது. சாலைத் திட்டம் என்றால் வண்டிக்கு, நடைபாதைத் திட்டம் என்றால் சுற்றுலாவுக்கு என்று இரண்டு கோப்புகள் தனித்தனியாகப் போகின்றன. கோரிமேடு இரண்டு கோப்பிலும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. சிக்னல் நேரத்தை வடிவமைக்கும் பொறியாளர்கள், நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துக்கொள்வது பல நாடுகளில் வழக்கம். இருபது மீட்டர் அகலச் சாலையைக் கடக்க அவருக்குப் பதினேழு நொடி போதும். அறுவைச் சிகிச்சைத் தையல் பிரிக்க வந்த எழுபது வயதுக்காரர் அதில் பாதி வேகத்தில்தான் நடப்பார். அவருக்கு முப்பத்துமூன்று நொடி வேண்டும். பதினேழாவது நொடியில் அவர் சாலையின் நடுவில் இருப்பார். சிக்னல் மாறும், பின்னால் இருக்கும் பஸ் ஹாரன் அடிக்கும். உடம்புக்கு முடியாதவர்கள் கூடும் இடத்தில் உடம்புக்கு முடிந்தவரின் வேகத்தை அளவுகோலாக வைத்தால், அந்தச் சாலை அதன் முக்கியமான பயனாளியையே விட்டுவிடுகிறது. நடை மேம்பாலம் கட்டலாமே என்பார்கள். முழங்கால் வலிக்காரரை நாற்பது படி ஏறச் சொல்லும் யோசனை, படி ஏறத் தேவையில்லாதவர்களுக்குத்தான் தோன்றும். லிஃப்ட் வைத்தால் அது எத்தனை மாதம் ஓடும் என்பது நம் ரயில் நிலையங்களில் ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும்.

கோரிமேடு ஏன் இப்படி ஆனது என்பதற்கு இடத்தின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. கடற்கரையிலிருந்து வடமேற்கே போனால் தட்டையான ஊர் மெல்ல ஏறிச் சுமார் முப்பது மீட்டர் உயரத்துக்குப் போகும். இரும்புச்சத்து ஏறிய சிவந்த மணற்கல் மேடு. பிரெஞ்சுக்காரர்கள் இதைச் ‘சிவப்பு மலைகள்’ என்றார்கள். மலை என்று சொல்ல முடியாது. ஆனால் சமவெளியில் இருப்பவனுக்கு முப்பது மீட்டரும் மலைதான். பீரங்கி காலத்தில் இந்த உயரம் முக்கியமானது. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியைச் சுற்றி முள்ளும் கற்றாழையும் பனையும் சேர்ந்த ஒரு வேலியை வளர்த்திருந்தார்கள். வெளியூர்ச் சாலைகள் அந்த வேலியைக் கடக்கும் இடங்களில் சிறு காவல் கோட்டைகள். 1760-61இல் அயர் கூட்டின் ஆங்கிலப் படை முற்றுகையிட்டபோது அந்த வேலிக் கோட்டைகளைத்தான் முதலில் பிடித்தது. 1761 ஜனவரியில் நகரம் சரணடைந்தது. நெப்போலியன் போர்கள் முடிந்து ஆங்கிலேயர் புதுச்சேரியைத் திருப்பித் தந்தபோது, துண்டு துண்டான கிராமங்களாகத் தந்தார்கள். இன்று வரைபடத்தைப் பார்த்தால் புதுச்சேரிக்குள் தமிழ்நாடும் தமிழ்நாட்டுக்குள் புதுச்சேரியும் மாறி மாறிக் கிடப்பதற்கு அந்தப் பங்கீடு ஒரு காரணம்.

1949இல் சுங்க ஒப்பந்தம் முறிந்த பிறகு இந்திய, பிரெஞ்சு எல்லைகளில் சோதனை கடுமையானது. 1954இல் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது. 1962இல் சட்டப்படியான ஒப்படைப்பும் முடிந்தது. ஆனாலும் கோரிமேட்டை ஒட்டிய புதுச்சேரி-தமிழ்நாடு எல்லை தன் பழக்கத்தை விடவில்லை. பெட்ரோல் இந்தப் பக்கம் மலிவு, மது இந்தப் பக்கம் மலிவு. அந்தப் பக்கத்து மதுவிலக்குப் போலீசார் பையைத் திறந்து பார்க்கிறார்கள். 2020 ஊரடங்கில் இந்த எல்லை மூடப்பட்டபோது, சோற்றுக்கும் வேலைக்கும் தினமும் கடந்துகொண்டிருந்த மக்களுக்குத் தாங்கள் இரண்டு நிர்வாகங்களுக்கு நடுவில் வாழ்வது திடீரென்று புரிந்தது.

இந்த மேட்டில்தான் மருத்துவமனையைக் கொண்டுவந்து வைத்தார்கள். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆரம்பித்த மருத்துவப் பள்ளியின் வாரிசாக 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி வந்தது; 1964 ஜூலையில் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அதை ஜிப்மராகத் திறந்துவைத்தார்; 2008இல் அது தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் ஆனது. அருகிலேயே கொசு ஒழிப்புக்குப் பேர்போன ஐசிஎம்ஆர் ஆராய்ச்சி மையம், இஎஸ்ஐ மருத்துவமனை, காவலர் பயிற்சிப் பள்ளி, கல்லூரிகள். ஊருக்கு வெளியே, காற்றோட்டமான மேட்டில், சானடோரியம் கட்டுவதுபோல இடம் பார்த்துக் கட்டினார்கள். வளாகத்துக்குள் இன்றும் அந்தக் காலத்து எண்ணம் தெரிகிறது: பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள், நிழல், அகலமான உட்சாலைகள். வாசலைத் தாண்டியதும் அந்த எண்ணம் முடிந்துபோகிறது. சாலை வேறு துறைக்குச் சொந்தம்.

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வழியாகக் கிருஷ்ணகிரி வரை போன அந்தச் சாலை ஒரு காலத்தில் 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. இப்போது சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை கரையோர மாவட்டங்களைக் கோத்துக்கொண்டு போகும் 32ஆம் எண் நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. அதன் இரு பக்கமும் நின்ற புளியமரங்கள் நான்கு வழிச் சாலைக்காக வெட்டப்பட்டன. மொரட்டாண்டியில் சுங்கச்சாவடி வந்தது. திண்டிவனத்துக்குப் போகும் நேரம் குறைந்தது. அதை மறுக்க முடியாது. ஆம்புலன்ஸில் வருகிற நோயாளிக்கு அந்த வேகம் உயிர். நெடுஞ்சாலை வேண்டாம் என்று சொல்லும் ரகம் நான் இல்லை. என் கேள்வி வேறு: கடைசி அரைக் கிலோமீட்டரில், மருத்துவமனை மதில் தொடங்கும் இடத்திலாவது, அது நெடுஞ்சாலையாக இருப்பதை நிறுத்திக்கொண்டு ஊர்ச் சாலையாக மாறக் கூடாதா? வேகத்தைக் குறைக்கும் அமைப்பு, நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு, இரண்டு பக்கமும் தடங்கல் இல்லாத நடைபாதை, மேலே நிழல். இவ்வளவுதான்.

விதிகளுக்குப் பஞ்சம் இல்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டு நெறிகள், நடைபாதையில் மரம், கம்பம், கடை எல்லாம் போகக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்கின்றன. இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடந்துபோகும் அளவு அது. 2006இல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வண்டிகளை நகர்த்துவதைவிட மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று எழுதிவைத்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கியது என்றே சொல்லிவிட்டது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எண்ணிக்கைகளும் தீர்ப்புகளும் கோரிமேடு வரை வந்து சேர யாராவது தூக்கிக்கொண்டு வர வேண்டும். யார் தூக்குவது?

இங்கேதான் புதுச்சேரியின் தனிப்பட்ட சோகம் ஒன்று குறுக்கே நிற்கிறது. கோரிமேடு உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் மூன்று லட்சம் மக்கள். புதுச்சேரி நகராட்சியைவிடப் பெரியது. அந்த மூன்று லட்சம் பேருக்கு ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. 1968க்குப் பிறகு முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. பிரெஞ்சு ஆட்சியிலேயே கம்யூன்களும் மேயர்களும் பார்த்த மண். இங்கே உடைந்த நடைபாதைக் கல்லைக் காட்டிக் கேள்வி கேட்க ஒரு வார்டு உறுப்பினர் இல்லை. எம்எல்ஏவிடம் போகலாம். ஒரு பெரிய கிராமத்தின் அளவுள்ள தொகுதிகள் என்பதால் புதுச்சேரி எம்எல்ஏக்கள் கல்யாணம், காதுகுத்து வரை வருகிறார்கள். ஆனால் அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்திரா நகர்க்காரர்களும் தட்டாஞ்சாவடிக்காரர்களும். ஜிப்மர் வாசலில் சாலையைக் கடக்கிறவர்களின் ஓட்டு மயிலத்திலும் வானூரிலும் செஞ்சியிலும் இருக்கிறது. ஓட்டு ஒரு மாநிலத்தில், கால் இன்னொரு இடத்தில். இந்தக் கூட்டத்துக்காகப் பேசுவதில் எந்த அரசியல்வாதிக்கும் உடனடி லாபம் கிடையாது.

லாபம் தெரிகிற இடத்தில் பணம் வருகிறது. இந்திரா காந்தி சிலைக்கும் ராஜீவ் காந்தி சிலைக்கும் இடையே சுமார் நான்கு கிலோமீட்டர் உயர்மட்டச் சாலைக்கு 436 கோடி ரூபாயில் 2025 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். அந்தச் சந்திப்புகளில் மாட்டிக்கொண்டு பெட்ரோல் எரித்த எவருக்கும் அதன் தேவை புரியும். ஆனால் மேம்பாலம் நெரிசலைக் கரைப்பதில்லை, அடுத்த சிக்னலுக்குக் கொண்டுபோய் இறக்குகிறது. ராஜீவ் காந்தி சிலையில் வேகமாக இறங்குகிற வண்டிகளில் ஒரு பங்கு சில நிமிடங்களில் கோரிமேட்டுக்கு வந்து சேரும். மேம்பாலத் திட்ட அறிக்கையோடு ஜிப்மர் வாசலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தால், மொத்தத் தொகையில் அது ரவுண்டாக்கும்போது காணாமல் போகிற செலவுதான் ஆகியிருக்கும்.

சரி, சாலையை விட்டு மேட்டுக்குப் போவோம். கோரிமேட்டில் எனக்குப் பிடித்தது அந்த நெடுஞ்சாலைக்குப் பின்னால் இருக்கிறது.

எல்லையைத் தாண்டிப் பட்டானூரின் புதிய வீட்டுமனைகளையும் கடந்து வடக்கே போனால், இன்னும் சில இடங்களில் பழைய செம்மண் தென்படும். முந்திரித் தோப்பு, பனை வரிசை, மழை அறுத்த ஓடைகள். மழை பெய்த மறுநாள் அந்த மண்ணின் நிறத்தை விவரிக்கப் போனால் கட்டுரை நீண்டுவிடும். இந்தச் சிவப்பு மணற்கல் அடுக்கு இங்கிருந்து வெகுதூரம் போகிறது. வானூர் வட்டத்தில் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றனவே, இரண்டு கோடி ஆண்டுப் பழையவை, அவையும் இதே அடுக்கில்தான் புதைந்திருந்தன. 1781இல் சொனெரா என்ற பிரெஞ்சு இயற்கை அறிஞர் அவற்றைப் பற்றி எழுதினார். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அந்த இடத்தைத் தேசியக் கல்மரப் பூங்கா ஆக்கியது. நடுவழியில் இரும்பை கிராமம். சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில், பக்கத்தில் ஏரி, கடுவெளிச் சித்தரின் கோபத்தில் லிங்கம் வெடித்த கதை. மேற்கே வழுதாவூர் சாலையைப் பிடித்தால் குரும்பாபேட்டைக்கு அப்பால் ஊசுடு ஏரி, புதுச்சேரிப் பகுதியின் மிகப் பெரிய ஏரி. சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் அதற்கு நீர் கொண்டுவருகிறது. மார்கழி, தையில் வெளிநாட்டுப் பறவைகள் இறங்கும். ஏரிக்கரைச் சாலையில் காலை ஆறரை மணிக்குச் சைக்கிளில் போய்ப் பார்த்தவர்களிடம், புதுச்சேரியில் அழகான சாலை எது என்று கேட்டால் கடற்கரையைச் சொல்ல மாட்டார்கள்.

மேட்டுக்கும் கோயிலுக்கும் ஏரிக்கும் கல்மரத்துக்கும் இடையே மனிதர்கள் நூற்றாண்டுகளாக நடந்து போட்ட பாதைகள் இருக்கின்றன. இருந்தன என்றும் சொல்ல வேண்டும். மனைப் பிரிவுகள் வரும்போது முதலில் தொலைவது மரம், இரண்டாவது பாதை. ஒரு சுற்றுச்சுவர் எழும்பும். நேற்று வரை இரும்பைக்குக் குறுக்கே போன பெண்கள் நாளை முதல் நெடுஞ்சாலை ஓரமாகச் சுற்றிப் போவார்கள். கொஞ்ச நாளில் நடப்பதையே விட்டு மகனின் பைக்கில் ஏறிக்கொள்வார்கள்.

பாதையா வரைபடமா என்ற சண்டையின் கொடூரமான வடிவத்தை இதே மேட்டில் ஆரோவில் பார்த்தது. 1968 பிப்ரவரி 28இல் வெட்டவெளியான செம்மண் பொட்டலில் தொடங்கிய நகரம். அரைநூற்றாண்டில் வரப்பு போட்டு, மழையைத் தேக்கி, லட்சக்கணக்கான மரம் வளர்த்தார்கள். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜே ஆஞ்சே வரைந்த விண்மீன் திரள் வடிவ வரைபடத்தில் நகரத்தை வளைக்கும் ஒரு வட்டச் சாலை இருந்தது, கிரவுன் சாலை. வரைந்தபோது அங்கே மரம் இல்லை. கட்டப் போனபோது காடு இருந்தது. 2021 டிசம்பரில் புல்டோசர்கள் வந்தன, இளைஞர் மையத்தின் ஒரு பகுதி இடிந்தது, மரங்கள் சாய்ந்தன, குடியிருப்பவர்களே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். சாலையை மரத்துக்காக வளைக்கலாம் என்றது ஒரு தரப்பு. ஐம்பது ஆண்டு காத்த வரைபடம், இனியும் வளைக்க முடியாது என்றது மற்றது. தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 ஏப்ரலில் சுற்றுச்சூழல் அனுமதி பெறச் சொன்னது; 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று உத்தரவை ரத்து செய்தது. சட்டத்தின் கேள்வி அதோடு முடிந்தது. திட்டமிடுதலின் கேள்வி முடியவில்லை. நான் மரத்தின் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் எதிர்த்தரப்பின் ஒரு வாதத்தில் நியாயம் உண்டு: ஐம்பதாயிரம் பேருக்கு என்று சொல்லித் தொடங்கிய நகரம் சில ஆயிரம் பேரின் தோட்டமாக நின்றுவிடக் கூடாது. இரண்டு தரப்பும் அதிகம் பேசாதது, குயிலாப்பாளையத்திலிருந்தும் இடையன்சாவடியிலிருந்தும் ஆலங்குப்பத்திலிருந்தும் அந்த வட்டத்தின் குறுக்கே தினமும் வேலைக்குப் போய்வரும் மக்களின் தடங்களைப் பற்றி. அவர்களுக்கு வட்டம் கணக்கில்லை. வேலை செய்யும் வீட்டுக்கு எது குறுக்குவழி என்பதுதான் கணக்கு.

பழைய பாதைகளைக் காப்பாற்றப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் வரைபடம் இருக்கிறது. அதில் வண்டிப்பாதை புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு என்று சர்வே எண்ணோடு கோடு போட்டிருக்கும். அகலம்கூடப் புல வரைபடத்தில் கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்தில் பீரோவுக்குள் இருக்கும் அந்தத் தாள்தான் நம் நடைவழிகளின் பத்திரம். இங்கிலாந்தில் 1949இல் ஒரு சட்டம் போட்டு, ஊர் ஊராகப் பொது நடைவழிகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் ஏற்றச் சொன்னார்கள். வரைபடத்தில் ஏறிய பாதையை நிலச் சொந்தக்காரரே நினைத்தாலும் அடைக்க முடியாது. பட்டா நிலத்தின் நடுவே ஒரு சின்னப் படல், அதைத் திறந்து மூடிவிட்டு எவரும் போகலாம். பிரான்சில் 1947 முதல் நெடுநடைப் பாதைகளுக்குச் சிவப்பு-வெள்ளைக் கோடு போட்டு வருகிறார்கள். மரத்திலோ கல்லிலோ இரண்டு விரல் அகலப் பெயின்ட், அவ்வளவுதான் செலவு. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்துவிடலாம். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கெப்பித் தொப்பியையும் பெத்தாங் விளையாட்டையும் தெருப்பெயர்ப் பலகையையும் பத்திரமாக வைத்திருக்கிற புதுச்சேரி, இந்த ஒரு டப்பா பெயின்டையும் வாங்கிக்கொள்ளலாம்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று தெரியும். அழகான பாதை என்று அறிவித்தால் வார இறுதியில் சென்னைக் கார்கள் வரும். காரோடு பாட்டில் வரும். பாட்டிலோடு ரிசார்ட் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பார்த்தாகிவிட்டது. கடலைப் பார்த்துக்கொண்டே போகும் சாலை என்று தொடங்கியது. இன்று பல கிலோமீட்டருக்குக் கடலுக்குப் பதிலாக மதில்களைத்தான் பார்த்துக்கொண்டு போகிறோம். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் கோரிமேட்டு மேட்டில் நுழைவு வளைவும் டைல்ஸும் சோடியம் விளக்கும் ‘ஐ லவ்’ பலகையும் வேண்டவே வேண்டாம் என்கிறேன். செம்மண் செம்மண்ணாகவே இருக்கட்டும். கார் நுழையாதபடி குறுக்கே இரண்டு கல் நடுங்கள். சைக்கிளும் ஆடும் பள்ளிக்கூடப் பிள்ளையும் போகட்டும். வெளியூர்க்காரர் வந்தால் நடந்து வரட்டும். சுற்றுலாத் துறையிடம் இதை ஒப்படைக்காமல் வருவாய்த் துறையிடம் விட்டாலே பாதி ஆபத்து குறைந்துவிடும். வருவாய்த் துறை எதையும் அழகுபடுத்தி நான் பார்த்ததில்லை.

மிச்சம் இருப்பது இரண்டு அரசுகள் என்ற தலைவலி. ஜிப்மர் மத்தியச் சுகாதாரத் துறை. சாலை மத்திய நெடுஞ்சாலைத் துறை. நடைபாதையும் சாக்கடையும் உழவர்கரை நகராட்சி. எல்லைக்கு அப்பால் விழுப்புரம் மாவட்ட ஆட்சியர், வானூர் ஒன்றியம். ஆரோவில் மத்தியக் கல்வி அமைச்சகம். புதுச்சேரிக்குத் தனி நகரமைப்புச் சட்டம், தமிழ்நாட்டுக்குத் தனி. மாநிலங்களுக்கு இடையிலான போக்குவரத்தைப் பேச ஓர் அமைப்பு சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது: 1956 மாநில மறுசீரமைப்புச் சட்டம் உண்டாக்கிய தென்மண்டலக் கவுன்சில். உள்துறை அமைச்சர் தலைமையில் முதலமைச்சர்கள் உட்கார்ந்து, காவிரியையும் பாலாற்றையும் பேசி முடித்து, நேரம் இருந்தால் இரும்பைக் குறுக்குவழிக்கு வரலாம்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. ஊசுடு ஏரி இரண்டு அரசுகளுக்கும் சொந்தம். 2008இல் புதுச்சேரி தன் பகுதியைப் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தது; பின்னால் தமிழ்நாடும் தன் பகுதியை அறிவித்தது. நாரைக்குச் செய்ததை நடப்பவருக்கும் செய்யலாம். மதுப்பாட்டில் விஷயத்தில் இரண்டு பக்கத்துப் போலீசும் எவ்வளவு நன்றாகப் பேசிக்கொள்கிறார்கள்! மாசி மகத்துக்கு மயிலம் முருகன் தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டு வைத்திக்குப்பம் கடலுக்கு வருகிறார். அதற்கான பந்தோபஸ்தும் சாலை மாற்றமும் இரண்டு நிர்வாகங்களும் சேர்ந்து ஆண்டுதோறும் செய்வதுதான். சாமிக்கு ஒரு நாள் முடிகிற ஏற்பாடு, பக்தருக்கு மற்ற நாட்களிலும் முடியும்.

வரிசை முக்கியம். முதலில் ஜிப்மர் வாசல். நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துப் போலீஸ், ஜிப்மர் நிர்வாகம் மூவரும் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் நின்று, சாலையைக் கடக்கிறவர்களின் வயதையும் எடுத்துக்கொள்ளும் நொடிகளையும் குறித்தால் போதும். சிக்னலுக்கு எத்தனை நொடி, நடுத்திட்டு எங்கே, பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று அந்தத் தாளே சொல்லிவிடும். திண்டிவனம் பஸ்ஸும் டெம்போவும் நிற்கும் இடத்தை வாசலுக்கு நேராகக் கொண்டுவந்தாலே, பலர் சாலை ஓரமாக வெயிலில் நடப்பது குறையும். பழக்கடைகளையும் இட்லிக் கடைகளையும் ஆக்கிரமிப்பு என்று விரட்ட வேண்டாம். வெளியூர்க்காரருக்குச் சோறு போடுவது அவைதான். மதிலை ஒட்டி அவற்றுக்கு ஒரு வரிசை ஒதுக்கி, 1.8 மீட்டரை விட்டுவிடச் சொல்லுங்கள். மதிலுக்கு உள்ளே இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகள் வெளியே நீண்டால் வெட்டாதீர்கள்.

அடுத்தது மேடு. உழவர்கரையின் நில அளவர் ஒருவரும் வானூர் வட்டத்தின் நில அளவர் ஒருவரும், அவரவர் வரைபடத்தோடு எல்லையில் சந்திக்கட்டும். ஊர்க்காரர்களில் ஆடு மேய்க்கிற ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள்; அவருக்குத்தான் எந்தப் பாதை எந்தச் சுவருக்குப் பின்னால் போனது என்று தெரியும். தை அறுப்பு முடிந்து புல் காய்ந்திருக்கும் நாட்களில் அளவுக்கற்கள் கண்ணுக்குத் தெரியும். இரும்பை வரை ஒரு பாதை, ஊசுடு வரை ஒரு பாதை, இரண்டை மட்டும் முதலில் அளந்து, அடைபட்டிருக்கும் இடங்களுக்கு நோட்டீஸ் கொடுக்கட்டும். நோட்டீஸ் போகும் முகவரிகளில் சில செல்வாக்கானவர்களுடையதாக இருக்கும். கோப்பு அங்கே போய் நிற்கும். அதை நகர்த்தத்தான் உழவர்கரைக்கு ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு மன்றம் வேண்டும், அந்தத் தேர்தலின் தேதியை அறிவிக்க வேண்டும்.